மஞ்சளுக்காகக் காத்திருந்த இரவு: முதுகுத் தண்டு நீரில் மூளை ரத்தக் கசிவைத் தேடுவது எப்படி?

அத்தைக்குத் தலைவலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு. அந்த நேரம் முனியாண்டி கோவிலில் மணி அடித்துக்கொண்டிருந்ததால் வீட்டில் எல்லாருக்கும் நன்றாக நினைவிருந்தது, ஆனால் அந்த ஏழு மணியை ராத்திரி முழுக்க ஒவ்வொரு டாக்டரும் திரும்பத் திரும்பக் கேட்பார் என்று யாரும் நினைக்கவில்லை. மறுநாள் நாசி லெமாக் கடைக்காகப் புது கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, தூக்கி வைத்தவர், "யம்மா" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்மண்டையில் யாரோ பாராங் கத்தியால் ஒரே போடாகப் போட்டது மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார். மெல்ல மெல்ல ஏறிய வலி இல்லை, வரும்போதே உச்சத்தில் வந்த வலி.

எங்கள் ஊர் ஊத்தான் மெலிந்தாங். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தெற்குக் கோடியில், பெர்ணம் ஆற்றோரம், எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. இங்கே தலைவலிக்கு முதல் வைத்தியம் கோடாலித் தைலம், அடுத்தது இரண்டு பனடோல், அதற்கும் மசியவில்லை என்றால்தான் டாக்டர். அத்தைக்கும் அதே வரிசைதான் நடந்தது. பத்து மணிக்கு இரண்டு முறை வாந்தி எடுத்து, கழுத்தைக் குனிய முடியவில்லை என்று சொன்ன பிறகுதான் அத்தை மகன், என் மச்சான், காரை எடுத்தார். கிளினிக் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், கழுத்தை மெதுவாக மடக்கிப் பார்த்தார், அப்புறம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து "நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, வீட்டுக்குப் போய்ட்டுப் போகலாம்னு நெனைக்காதீங்க" என்றார்.

ராத்திரி இரண்டு மணிக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. எங்களுக்கு உயிர் வந்தது, டாக்டர் முகத்தில் மட்டும் அந்த நிம்மதி இல்லை. முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், ஆனால் இப்போது இல்லை, காலை ஏழு மணிக்கு அப்புறம்தான் என்றார். மச்சானுக்கு வந்ததே கோபம். "அவருக்குத் தூக்கம் வருது, அதான் காலையில பாக்கலாங்கறாரு" என்று காரிடாரில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

அந்த டாக்டர் தூங்கவில்லை, அது வேறு விஷயம். அவர் ஏன் காத்திருக்கச் சொன்னார் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. செம்பனை ஆலை லாப்பில், அதாவது பரிசோதனைக் கூடத்தில், எண்ணெய் மாதிரிகளைச் சோதித்துப் பார்க்கிற ஆள். மறுநாள் ஒரு இளம் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர், பழைய ஃபாரத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சொன்னதும், அதற்கப்புறம் நானே தேடிப் படித்ததும்தான் எனக்குத் தெரிந்தவை. ஆனால் விஷயம் என் வேலைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் அந்தத் தண்ணீர் என்ன என்று பார்ப்போம். மூளையும் முதுகுத் தண்டுவடமும் ஒரு தெளிந்த நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. பெரியவர்களுக்கு மொத்தம் சுமார் 150 மில்லிலிட்டர், அதாவது ஒரு சின்ன கிளாஸ் அளவுதான். ஆனால் உடம்பு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது, பழையது ரத்தத்தில் போய்ச் சேருகிறது, ஆக ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் தண்ணீர் மாறிவிடுகிறது. ஆரோக்கியமான ஆளிடமிருந்து எடுத்தால் குழாய்த் தண்ணீரும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. (எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரைச் சொல்லவில்லை.)

மூளையைச் சுற்றி மூன்று உறைகள் உண்டு. நடுவில் இருப்பது சிலந்தி வலை மாதிரி மெல்லியது, அதனால் கிரேக்க மொழியில் சிலந்திக்கு உள்ள சொல்லை வைத்து அரக்னாய்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வலைக்குக் கீழே உள்ள இடுக்கில்தான் இந்த நீர் ஓடுகிறது, மூளைக்குப் போகிற முக்கியமான ரத்தக் குழாய்களும் அதே இடுக்கில்தான் ஓடுகின்றன. சிலருக்கு அந்தக் குழாயில் ஓரிடத்தில் சுவர் மெலிந்து, பழைய சைக்கிள் டியூபில் காற்றடித்தால் ஒரு இடம் மட்டும் புடைக்குமே, அது போல ஒரு சின்ன புடைப்பு இருக்கும். அனியூரிசம் என்பது இதைத்தான். இருப்பது பல பேருக்குக் கடைசி வரை தெரியவே தெரியாது. அது வெடித்தால் ரத்தம் நேராக அந்த நீருக்குள் பாயும். அடிபடாமல் தானாக வருகிற இந்த வகைக் கசிவில் நூற்றுக்கு 85 இப்படிப் புடைப்பு வெடித்து வருவதுதான். வெடிக்கிற நொடியில்தான் அந்த இடி விழுந்த மாதிரி தலைவலி.

அப்படித் திடீரென்று ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற தலைவலி யாருக்கு வந்தாலும், அது வாழ்க்கையில் வந்ததிலேயே மோசமானது என்று அவர் சொன்னால், 999ஐக் கூப்பிடுங்கள். தைலம், பனடோல், சாமியார் எல்லாம் அப்புறம். எங்கள் வீட்டில் மூன்று மணி நேரத்தைத் தைலத்தில் விட்டோம், அந்த மூன்று மணி நேரத்துக்கு என்ன விலை என்பது இப்போது வரும்.

சிடி ஸ்கேனில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும். ஹீமோகுளோபின் அடர்த்தியான புரதம், எக்ஸ்ரே கதிரைத் தடுக்கிறது, அதனால் வெள்ளை. ஆனால் நீர்தான் ஓடிக்கொண்டும் மாறிக்கொண்டும் இருக்கிறதே, கசிந்த ரத்தம் கரைந்து கரைந்து போக, அந்த வெள்ளையும் மணிக்கு மணி மங்குகிறது. கனடாவில் இதைப் பெரிய அளவில் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். திடீர்த் தலைவலியோடு வந்த 3,132 பேர், அதில் 240 பேருக்குத்தான் உண்மையில் கசிவு. (மீதி ஆட்களுக்கு வேறு காரணம், ஆகவே வலி வந்தவுடனே பயந்து சாகவும் வேண்டாம்.) வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்தவர்களில் கசிவு இருந்த 121 பேரையும் ஸ்கேன் ஒருவர் விடாமல் பிடித்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களில் கசிவு இருந்த 119 பேரில் 17 பேர் தப்பிப் போனார்கள். கசிவு இருந்தும் ஸ்கேன் சுத்தம்.

அத்தைக்கு ஏழாவது மணி நேரம். ஒன்பது மணிக்குக் கிளம்பியிருந்தால் ஒருவேளை ஸ்கேனோடு கதை முடிந்திருக்கும், முதுகில் ஊசியே வேண்டியிருந்திருக்காது. நல்ல இயந்திரமும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும் என்கிற நிபந்தனை அந்த ஆறு மணி நேரக் கணக்குக்கு உண்டு, இருந்தாலும் டாக்டர்கள் ஏழு மணி, ஏழு மணி என்று ஏன் உயிரை எடுத்தார்கள் என்பது எனக்கு இந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் புரிந்தது.

சரி, ஸ்கேன் விட்டதை நீரில் பிடிப்பது எப்படி? இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இடுக்கில் மெல்லிய ஊசியைச் செலுத்தி நீரைச் சொட்டுச் சொட்டாகக் குழாய்களில் பிடிப்பார்கள். 1891இல் ஜெர்மனியில் ஹைன்ரிச் குவிங்கே என்கிற டாக்டர் ஆரம்பித்து வைத்த முறை, அடிப்படை இன்னும் அதேதான். இதைக் கேட்டவுடன் நம் ஆட்கள் சொல்வது ஒன்றே ஒன்று: "முதுகுத் தண்டுல குத்துனா கால் விளங்காமப் போயிடும்." எங்கள் பெரியம்மா போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். தண்டுவடம் என்பது முதுகு முழுக்க ஓடவில்லை, இடுப்புப் பக்க முதுகெலும்பின் முதலாவது இரண்டாவது கணு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். அங்கே தண்டுவடம் இல்லை, நரம்பு இழைகள் மட்டும் நீரில் மீஹூன் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும், ஊசி பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். மூளைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால், ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் போட மாட்டார்கள் அல்லது வேறு ஏற்பாடு செய்த பிறகே போடுவார்கள். அதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்கள்.

காலை ஒன்பது மணிக்கு அத்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை மார்போடு ஒட்டச் சொல்லி, எடுத்தார்கள். நான்கு குழாய். திரைக்கு வெளியே நின்ற மச்சான் முதல் குழாயைப் பார்த்துவிட்டார். இளஞ்சிவப்பாக இருந்தது. பண்டோங் சர்பத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் வருகிற நிறம். அவ்வளவுதான், "தண்ணில ரத்தம் மச்சான், அம்மாவுக்கு மூளைல ரத்தம்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த இடத்தில்தான் இந்தப் பரிசோதனையின் சூட்சுமம் இருக்கிறது. ஊசி போகிற வழியில் சின்னச் சின்ன ரத்த நாளங்கள் உண்டு. அதில் ஒன்றைத் தொட்டுவிட்டால் அந்த ரத்தமும் நீரோடு சேர்ந்து குழாயில் விழும். எவ்வளவு கைதேர்ந்தவர் போட்டாலும் இது அடிக்கடி நடக்கிறதுதான், பத்துப் பேருக்கு ஒருவர் இரண்டு பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆக நீரில் ரத்தம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது நேற்று இரவு மூளையில் கசிந்ததா, இல்லை இப்போது ஊசி முனையில் வந்ததா? முதல் குழாய் சிவந்து நான்காவது தெளிந்தால் ஊசி ரத்தம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதை முழுசாக நம்ப முடியாது, ஏனென்றால் மூளையில் கசிந்தவருக்கும் ஊசி நாளத்தில் படலாம், அப்போதும் நிறம் குறைந்துகொண்டேதான் வரும். ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பார்கள், ரொம்பக் குறைவாக இருந்தால் அது நல்ல அறிகுறிதான். ஆனால் நிறைய இருந்தால் பழைய குழப்பமே.

எனவே லாப்பில் கேட்கிற கேள்வியே வேறு. ரத்தம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. இந்த ரத்தம் எப்போது வந்தது என்று கேட்கிறார்கள்.

என் வேலைக்கு வருகிறேன். ஆலைக்குச் செம்பனைக் குலை லாரியில் வரும். வெட்டிய குலையைச் சீக்கிரம் வேக வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிபட்ட பழத்துக்குள் இருக்கிற லைபேஸ் என்கிற நொதி எண்ணெயை உடைத்து அமிலமாக்கிவிடும். இதற்கு நேரம் பிடிக்கும். காலையில் வெட்டிய குலையில் அமிலம் குறைவாக இருக்கும், இரண்டு நாள் தோட்டத்து ரோட்டோரம் கிடந்த குலையில் ஏறியிருக்கும். லாரிக்காரர் "இன்னிக்குக் காலைல வெட்டுனது பாஸ்" என்று சத்தியம் பண்ணுவார், லாப்பில் அமில அளவு வேறு கதை சொல்லும். அடிபட்டிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது, எப்போது அடிபட்டது என்பதைச் சொல்வது அந்த அமிலம்.

ரத்தத்திலும் அப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது. நீருக்குள் கொட்டிய சிவப்பணுக்கள் சில மணி நேரத்தில் உடைய ஆரம்பித்து, உள்ளே இருக்கிற ஹீமோகுளோபின் வெளியே வருகிறது. மூளை உறைகளில் உள்ள செல்களும், துப்புரவுக்கு வருகிற வெள்ளணுக்களும் ஹீம் ஆக்ஸிஜனேஸ் என்கிற நொதியை வைத்து அந்தச் சிவப்பை உடைக்கின்றன. முதலில் பச்சையாக பிலிவெர்டின், அதிலிருந்து மஞ்சளாக பிலிருபின். இதை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். கால் முட்டியை மேசையில் இடித்துக்கொண்டால் முதலில் சிவந்து, கருநீலமாகி, ஓரம் பச்சையடித்து, ஒரு வாரத்தில் மஞ்சளாகி மறையுமே, அதே ரசாயனம், அதே வரிசை. அத்தை கால் முட்டியில் நடப்பதை அவர் முதுகுத் தண்டு நீரில் தேடினார்கள், அவ்வளவுதான்.

என் செம்பனை உவமை இங்கே ஒரு இடத்தில் நொண்டும். பழத்தின் நொதி பழத்துக்குள்ளேயே இருக்கிறது, லாரியில் போகும்போதும் வேலை செய்யும். பிலிருபினை உண்டாக்குகிற நொதி உயிருள்ள உடம்பின் செல்களுக்குள் இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் விழுந்த ரத்தம் ஒரு நாள் முழுக்கக் கிடந்தாலும் சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வருமே தவிர, பிலிருபின் ஆகாது. இது குறை மாதிரி தெரிந்தாலும் பரிசோதனையின் முழு பலமே இதுதான். நீரில் பிலிருபின் இருந்தால் அது குழாயில் உண்டானதாக இருக்க முடியாது, ஊசி முனையில் வந்ததாகவும் இருக்க முடியாது.

இந்த மஞ்சள் போதுமான அளவு சேரக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கு ஆரம்பித்த வலிக்குக் காலை ஏழு மணி. ராத்திரி இரண்டரை மணிக்கே எடுத்திருந்தால், உண்மையிலேயே கசிந்திருந்தாலும் மஞ்சள் இன்னும் வந்திருக்காது, "ஒன்றும் இல்லை" என்று அனுப்பியிருப்பார்கள். அதுவும் முதல் குழாய் சிவந்ததை நினைத்துப் பாருங்கள். மஞ்சளும் இல்லாமல், சிவப்பு மட்டும் இருக்கிற ஒரு குழாயை வைத்துக்கொண்டு அந்த டாக்டர் என்ன முடிவுக்கு வந்திருப்பார்? ஒரு தடவை குத்திவிட்டால் அந்த ரத்தமும் உள்ளே போய்க் கலந்து, அடுத்த தடவை எடுப்பதையும் குழப்பிவிடும். அந்த மஞ்சள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் வரை நீரில் இருக்கும், அதனால் "போன புதன்கிழமை பயங்கரமா வலிச்சுது டாக்டர்" என்று தாமதமாக வருகிறவர்களுக்கும் இது உதவும், ஸ்கேனில் எல்லாம் மங்கிப் போன பிறகும்.

காத்திருப்பதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெடித்த புடைப்பு மறுபடி வெடிக்கிற அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம், அதனால் வார்டில் வைத்து மணிக்கு மணி பார்க்கிறார்கள். சில நாடுகளில், சில டாக்டர்கள், காத்திருக்காமல் உடனே எடுத்து அணு எண்ணிக்கையை வைத்து முடிவு செய்கிறார்கள். இன்னும் சிலர் ஊசியே வேண்டாம், சாயம் ஏற்றி ரத்தக் குழாய்களையே ஸ்கேனில் பார்த்துவிடலாம் என்கிறார்கள். அதில் ஒரு சிக்கல். நூறு பேரை எடுத்துக்கொண்டால் அதில் இரண்டு மூன்று பேருக்குப் புடைப்பு சும்மாவே இருக்கும், வெடிக்காமல், ஒரு தொந்தரவும் தராமல். ஒற்றைத் தலைவலியோடு வந்தவருக்கு அது தெரிந்துவிட்டால் வெடித்ததா இல்லையா என்று தெரியாமல் மூளை ஆபரேஷன் பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டியிருக்கும். எனக்கென்னவோ மஞ்சளுக்காகக் காத்திருப்பதே நேர்மையாகப் படுகிறது, ஆனால் நான் காரிடாரில் நின்றவன், முடிவெடுத்தவன் இல்லை.

இனி லாப். கடைசிக் குழாயை எடுத்தவுடன் ஹவுஸ்மேன் அதை அலுமினியத் தாளில் சுருட்டினார். மச்சான் அந்த அழுகையிலும் "என்னா, ஈக்கான் பாக்கார் மாதிரி சுத்துறாங்க?" என்று, தாளில் சுற்றிச் சுடுகிற மீனை நினைத்துக் கேட்டார். வெளிச்சம் படக்கூடாது, அதுதான் காரணம். பிலிருபின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் ஏறினால் நீல விளக்குக்குக் கீழே படுக்க வைப்பார்களே, மிஸி, அதாவது நர்ஸ், வீட்டுக்கு வந்து குழந்தையின் தோலை அழுத்திப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாரே, அங்கே மஞ்சளைக் குறைக்கிற அதே வெளிச்சம் இங்கே சாட்சியை அழித்துவிடும். கசிவு இருந்தும் குழாயை ஜன்னலோரம் வைத்துவிட்டால் பொய்யான நல்ல செய்தி வரும்.

அடுத்தது, சீக்கிரம், ஒரு மணி நேரத்துக்குள், சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுற்ற வேண்டும். ஐந்து நிமிடம் சுற்றினால் சிவப்பணுக்கள் உடையாமல் அடியில் போய் உட்கார்ந்துவிடும், மேலே தெளிந்த நீர். காற்றழுத்தக் குழாயில் மாதிரிகளை விர்ரென்று அனுப்புகிற வசதி உள்ள ஆஸ்பத்திரிகளில்கூட இந்தக் குழாயை மட்டும் ஆள் கையில் கொடுத்து அனுப்பச் சொல்வார்கள், அந்தக் குலுக்கலில் அணுக்கள் உடையும். மேலே நிற்கும் நீரை வெள்ளைத் தாளுக்கு முன்னால், பக்கத்தில் இன்னொரு குழாயில் வெறும் தண்ணீரை வைத்து, கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பது பழைய முறை. மஞ்சளாக இருந்தால் அதற்கு சாந்தோகுரோமியா என்று பெயர். கிரேக்கத்தில் சாந்தோஸ் என்றால் மஞ்சள், குரோமா என்றால் நிறம், மொத்தத்தில் "மஞ்சள் நிறம்" என்பதைத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறார்கள்.

கண்ணை எவ்வளவு நம்புவது? டியூப் லைட் வெளிச்சத்தில், ராத்திரி ஷிப்டு முடிகிற நேரத்தில், லேசான மஞ்சளா இல்லையா என்று என்னைக் கேட்டால் நான் சத்தியம் பண்ண மாட்டேன். எனவே பிரிட்டன் மாதிரி இடங்களில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்து அளக்கச் சொல்கிறார்கள். இதைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், காரணம் இதே ஜாதி மெஷின் எங்கள் லாப்பில் இருக்கிறது. செம்பனை எண்ணெயில் டோபி என்று ஒரு அளவு பார்ப்போம். துணி வெளுக்கிற டோபிக் கடைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் பாருங்கள், இதுவும் வெளுப்பு பற்றியதுதான், சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெயின் நிறம் எவ்வளவு சுலபமாகப் போகும் என்று சொல்கிற எண். எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, அதன் வழியாக ஒளியை விட்டு, 446 நானோமீட்டரில் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது, 269இல் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து ஒன்றை ஒன்றால் வகுப்போம். 446 என்பது எண்ணெயின் செம்மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினின் இடம். 269 என்பது கெட்டுப்போன பொருள்களின் இடம். மூன்றுக்கு மேல் வந்தால் நல்ல எண்ணெய், இரண்டுக்குக் கீழே வந்தால் மேனேஜர் கீழே இறங்கி வருவார்.

மஞ்சளாகத் தெரிகிற எந்தப் பொருளும் நீல ஒளியை விழுங்கிக்கொள்கிறது, அதனால்தான் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. பிலிருபின் விழுங்குவது 450இலிருந்து 460 வரை, எங்கள் கரோட்டினுக்கு அடுத்த வீடு. ஹீமோகுளோபினுக்கு 410இலிருந்து 418 வரை கூர்மையான மலை மாதிரி ஒரு ஏற்றம். தண்டு நீரை மெஷினில் வைத்து 350இலிருந்து 600 வரை ஓட்டினால் ஒரு கோடு வரையும். ஒன்றுமில்லாத நீர் என்றால் கோடு மெல்லச் சரிந்து போகும். ஊசி ரத்தம் மட்டும் என்றால் 415 பக்கம் ஒற்றை மலை. நேற்றைய ரத்தம் என்றால் அந்த மலையின் வலப்பக்கச் சரிவில், 450 தாண்டி, ஒரு தோள் எழும்பி நிற்கும். தோள் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதோடு விடாமல், சரிவுக்கு அடியில் ஒரு நேர்கோடு போட்டு, 476 நானோமீட்டரில் அந்தக் கோட்டுக்கு மேல் எவ்வளவு உயரம் என்று அளக்கிறார்கள். ஏன் 455இல் அளக்காமல் 476? 455இல் ஹீமோகுளோபின் மலையின் அடிவாரம் வந்து கணக்கைக் கெடுக்கும், கொஞ்சம் தள்ளிப் போனால் அந்தத் தொல்லை குறைவு. பிரிட்டிஷ் வழிகாட்டியில் எல்லைக்கோடு 0.007. நான் வேலையில் பார்க்கிற எண்களோடு ஒப்பிட்டால் இது தூசு, எங்கள் மெஷினில் இப்படி ஒரு எண்ணை யாராவது எடுத்துக் காட்டினால் கண்ணாடிக் குவளையைத் துடைத்தாயா என்றுதான் முதலில் கேட்பேன். அவ்வளவு நுணுக்கம்.

மஞ்சள் வந்துவிட்டால் மூளையில் கசிவு என்று அடித்துச் சொல்லிவிட முடியுமா என்றால், அதுவும் இல்லை. காமாலை உள்ளவருக்கு ரத்தத்திலேயே பிலிருபின் ஏறியிருக்கும், அது கொஞ்சம் நீருக்குள் கசியும். எனவே நீர் எடுக்கிற அதே நேரத்தில் கையிலிருந்தும் ரத்தம் எடுப்பார்கள். "முதுகுல எடுத்தது பத்தாதா, கைல வேறயா?" என்று அத்தை கேட்டதற்கு இதுதான் பதில். நீரில் புரதம் அதிகமாக இருந்தாலும் மஞ்சளடிக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் இருக்கிற நீரெல்லாம் ஆரஞ்சு, இதுவும் சேர்த்து. கேரட், பப்பாளி என்று கரோட்டினை அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டவரின் நீரும் மஞ்சளாகத் தெரியலாம், இது எனக்கு ஏனோ ரொம்பப் பிடித்திருந்தது. ஆகவே டாக்டர் கேட்கும்போது என்னென்ன மாத்திரை என்று ஒழுங்காகச் சொல்லிவிடுங்கள், நாட்டு மருந்து உட்பட.

உண்மையிலேயே பிலிருபின் இருந்தால் அடுத்தது ரத்தக் குழாய் ஸ்கேன், புடைப்பு எங்கே என்று தேடுவது, அப்புறம் தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ கம்பிச் சுருளை அனுப்பி அதை அடைப்பது, அல்லது மண்டையைத் திறந்து கிளிப் போடுவது. ரத்தக் குழாய் சுருங்கி மூளைக்கு ரத்தம் குறையாமல் இருக்க நிமோடிபின் என்கிற மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 21 நாள் கொடுப்பார்கள். அது தனிக் கதை, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மத்தியானம் ஹவுஸ்மேன் வந்தார். சுற்றிய பிறகு மேலே நின்ற நீர் தெளிவாக இருந்தது, பிலிருபின் இல்லை, முதல் குழாயில் மச்சான் பார்த்த சிவப்பு ஊசி ரத்தம்தான். கனமான பொருளைத் தூக்கும்போது ஆபத்தில்லாமலும் இப்படி வலி வருவதுண்டாம். மச்சான் அந்த ராத்திரி டாக்டரைத் தேடிப் போனார், அவர் ஷிப்டு முடிந்து கிளம்பிவிட்டிருந்தார்.

அத்தைக்கு அடுத்த இரண்டு நாள் எழுந்து நின்றால் தலை வலித்தது, படுத்தால் போய்விட்டது. ஊசி போட்ட துளை வழியாக நீர் கொஞ்சம் கசிவதால் வருகிற வலி, பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், காபி குடித்தால் சிலருக்குக் கொஞ்சம் தேவலை என்று மிஸி சொன்னார். அத்தை அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு நான்கு கோப்பி ஓ, யாராவது முகம் சுளித்தால் "டாக்டர் சொன்னது" என்பார். புதன்கிழமை கடையைத் திறந்தாயிற்று. கேஸ் தோங்கை இப்போது மச்சான்தான் தூக்கி வைக்கிறார்.